யாரும் ஆராயாத கடைகள்

யாரும் தொடாத விஷயம் என்று அறிமுகத்தில் அடித்துச் சொன்னால்தான் ஆய்வுக்கட்டுரை எடுபடும் என்று நம்பியிருந்தேன். 2009இல் லண்டன் கருத்தரங்கு ஒன்றில், "தென் லண்டன் நோர்பரிப் பகுதித் தமிழ்க் கடைகளை இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று கூசாமல் வாசித்தேன். ஒருவர் ஆராய்ந்திருந்தார். அந்தக் கட்டுரை என் பையிலேயே இருந்தது.

தேநீர் இடைவேளையில், அதை எழுதிய யாழ்ப்பாணத்து அம்மையாரே எதிரில் வந்து நின்றார்.

"என்ரை கட்டுரை கிடைக்கேல்லையோ, தம்பி?"

"படிச்சேங்க. வேணும்னுதான் மறைச்சேன். மன்னிச்சிடுங்க."

என்னையே பார்த்தவர், சிரித்துவிட்டார். "நானும் எனக்கு முன்னம் எழுதின ஒராளை மறைச்சனான். இண்டைக்குத்தான் வாய்விட்டுச் சொல்லுறன்."

என் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். அங்கே இப்போது அவர் பெயரும், அவர் சொல்லித் தந்த இன்னொரு பெயரும் இருக்கின்றன.