தாசையன் தம்பியின் முகம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேத்தி சுபா காலேஜிலிருந்து போன் செய்தாள். "ஆச்சி, புதுப் பிள்ளைங்க களிமண்ண ஏத்தி வச்சுட்டுக் காத்திருக்காங்க. தாசேட்டன் இனி வரமாட்டாரு" என்றாள். பாறசாலையில் அவர் வீட்டில், காலேஜுக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே முடிந்துவிட்டதாம்.

அந்தக் காலேஜில் சிற்பத்தில் முதுகலை படித்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இராது. ஒவ்வொரு புது வகுப்பும் முதல் வேலையாகக் களிமண்ணில் செய்வது அவர் தலையைத்தான். இரவில் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் காவல், பகலில் சில மணி நேரம் காலேஜில் மாடல். பிள்ளைகளுக்கு அவர் தாசேட்டன், எனக்குத் தாசையன் தம்பி. அவர் நினைவாகப் பிள்ளைகள் போடும் இந்தச் சிறு புத்தகத்துக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் சுபா திருத்துவாள்.

போன வருடம் சுபாவைச் சேர்க்க நானும் என் மகனும் கூடப் போனோம். அவள் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. "முதல் பரீட்சை வரைக்கும் பாப்பேன். சரிப்படலன்னா பழைய வேலைக்கே போயிரணும்" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. சாலைக் கடைவீதியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

வகுப்பறைக்குள்ளே உயரமான ஸ்டூலில், நீண்ட மூக்கும் நரைத்த மீசையுமாக ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெரிய வாத்தியார் போலிருக்கிறது என்று, "காலத் தொட்டுக் கும்பிடு பிள்ளே" என்று சுபாவைத் தள்ளினேன். அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நான் வாத்தியார் இல்ல. இதுங்களுக்குப் பாடபுஸ்தகமாக்கும்."

புதிதாக வந்த எட்டுப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றவர்கள்.

நான் செய்த பிழையையும் சொல்லத்தான் வேண்டும். பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சாயங்காலம் சுபாவைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகள் கை கழுவப் போயிருந்தார்கள். எட்டுத் தலைகளும் வரிசையாக இருந்தன, எட்டின் மேலும் வெள்ளைத் துணி. ஜன்னலோரம் தாசையன் தம்பி சாயா குடித்துக்கொண்டிருந்தார், முதுகு எனக்கு. உயிரோடு இருக்கிற மனுசனின் முகத்தை இப்படி மூடுவார்களா? மற்றவர்கள் பொருளைத் தொடத் துணிவில்லை. சுபா செய்ததன் மேலிருந்த துணியை மட்டும் எடுத்து, மடித்து, பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஈரத்துணி என்று கைக்குத் தெரிந்தது. எதற்கு ஈரம் என்று தெரியவில்லை.

கை கழுவிய பிள்ளைகள் உள்ளே திரும்பாமல் அப்படியே கிளம்ப, அட்டெண்டர் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் விடுமுறை. திங்கட்கிழமை திறந்தபோது களிமண் காய்ந்து, நெற்றியிலிருந்து தாடைவரை பிளந்திருந்தது. ஒரு காது கீழே கிடந்தது. சுபா போனில் அழுத அழுகைக்கு நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். புதன்கிழமை பரீட்சை.

"துணிய எடுத்தது நாந்தான் மக்களே" என்றேன். சுபா என்னைப் பார்க்கவே இல்லை.

தாசையன் தம்பி அப்போதுதான் இரவுக் காவல் முடிந்து வந்திருந்தார். விஷயம் கேட்டதும் குபீரென்று சிரித்தார். "நான் செத்த மாதிரி கிடக்கது அக்காவுக்குச் சகிக்கல்ல, அவ்வளவுதான். எம் பெண்டாட்டிகூட இப்படிப் பதறமாட்டா கேட்டியா. அழாத மோளே, மண்ணக் குழை. நான் இருக்கேன்லா."

இருந்தார். அந்த இரண்டு பகலும் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. "இந்த வட்டமாவது மூக்கக் கொஞ்சம் குறைச்சு வையி" என்று சீண்டிக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் கண் மூடித் தலை தொங்கிவிட்டது. நான் எழுப்பப் போனேன். சுபா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருக்கிறபடியே செய்தாள்.

புதன்கிழமை, ஏழு தலைகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தூங்கியது. பரீட்சைக்கு மார்க் போட வந்தவர்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். என் மகனும் வந்து பார்த்தான். "பாவம், நல்லா அசந்துட்டாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். பிறகு கழக்கூட்டத்துப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

பரீட்சை முடிந்தால் களிமண் தொட்டிக்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். தூங்கும் தலையைக் கரைக்கச் சுபாவுக்குக் கை வரவில்லை. தம்பியே இறங்கி வந்தார். "வர்ற வருசம் வாற பிள்ளைங்களுக்கு மண்ணு வேண்டாமா?" என்று தன் முகத்தைத் தானே பிசைந்து தொட்டியில் போட்டார்.

சுபாவின் போன் வந்த அன்றே பாறசாலைக்குப் போனோம். அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தின் மேல் வெள்ளைத் துணி. பழக்கதோஷம், கை முன்னே போயிற்று. அவர் மனைவியே துணியை விலக்கிக் காட்டினார்.

இப்போது சுபா அந்தத் தொட்டியிலிருந்து ஒரு வாளி மண் வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முகத்தைச் செய்கிறாள். இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகள் அவரைப் பார்த்ததில்லை, அவர்களுக்குக் காட்டவேண்டும் என்கிறாள். மூக்கைக் குறைக்கவில்லை. பகலில் அவள் காலேஜுக்குப் போனதும் அவர் என் பொறுப்பு. துணியை நனைத்து, பிழிந்து, நெற்றியிலிருந்து தாடைவரை நானே மூடுகிறேன். காய்ந்திருக்கிறதா என்று மணிக்கொருதரம் தொட்டுப் பார்க்கிறேன்.