செத்த மாமனார் தேத்தண்ணி குடித்த கதை

இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் பரிமளம் அக்கா வீட்டில் மட்டுந்தான் தொலைக்காட்சி இருந்தது. இந்தியாவிலிருந்து வரும் இந்தித் தொடரைப் பார்க்கக் கிழமைதோறும் அங்கே கூடுவோம். பம்பாய்க்குப் போய்வந்த அக்காதான் எங்களுக்குத் தமிழில் கதை சொல்லுவார். தொடக்கத்தில் அருமையான கதை. பிறகு வரவர மோசம். போன கிழமை தங்கையாக இருந்தவள் இந்தக் கிழமை மனைவி! செத்த மாமனார் வந்து தேத்தண்ணி குடிக்கிறார்!

பொறுக்க முடியாமல், "உந்தக் கதை எழுதிறவனுக்கு விசர்!" என்றேன்.

அக்கா பெட்டியைப் பட்டென்று நிறுத்தினார். "எனக்கெங்கை இந்தி தெரியும்? நான் கஷ்டப்பட்டுக் கதை கட்டுறன், உனக்கு நக்கலோ?"

அடுத்த கிழமை எனக்குப் படலை திறக்கவில்லை. கெஞ்சித்தான் உள்ளே போனேன். இப்போதெல்லாம் செத்தவர் எழும்பிக் கலியாணமே கட்டினாலும், "நல்ல கதை, அக்கா" என்கிறேன்.

– ஒரு வாசகி, இணுவில்