காசுமாலையின் நடுக்காசு

எனக்குக் காசுப் பித்து உண்டு, பணப் பித்து கிடையாது. இரண்டும் வேறு என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது தேனியில் ஒரு பஞ்சு மண்டியில் எடை போடும் வேலை எனக்கு. சந்தை நாளில் பழைய செம்புக் காசு, கும்பினிக் காசு, ஏலத்தோட்டத்து ஆட்கள் மலையிலிருந்து கொண்டுவரும் திருவிதாங்கூர்ச் சக்கரம் என்று எது கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். தேய்ந்ததைத் தேய்ந்தது என்பேன், அச்சில் வார்த்த போலியை வார்ப்பு என்பேன். முதலாளி பெருமையாகக் காட்டிய நாணயத்தையே ஒரு தடவை நாலு பேர் முன்னால் கள்ளக்காசு என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை. "தவளை தன் வாயால கெடும்டா," என்றாள் அக்கா. பொய் சொல்லச் சொல்கிறாயா என்று அவளிடமும் சண்டை போட்டேன்.

பெற்றவர்கள் இல்லாத எனக்கு அந்த அக்காதான் எல்லாம். ஆண்டிபட்டிப் பக்கம் பெண் பார்த்ததும் அவள்தான். பரிசம் போடுவதற்கு முன், பெண்ணுக்கு அவள் வீட்டில் போடும் நகையை மாப்பிள்ளை வீட்டார் கையில் வாங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதில்லையா, அப்படி. அதற்கு ஓர் ஆசாரியைக் கூட்டிப் போவார்கள். அக்கா சிக்கனக்காரி. "வீட்டுலயே ஆளு இருக்கையில ஆசாரிக்கு எதுக்குக் கூலி?" என்று என்னையே பார்க்கச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையே நகை சோதித்த கூத்து எங்கள் சொந்தத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

தாம்பாளத்தில் காசுமாலை வந்தது. பதினோரு பவுன் காசு, எல்லாம் வெள்ளைக்கார ராணி தலை போட்டவை. நடுக்காசில்தான் முதலில் கை போனது. விளிம்பை நகத்தால் தடவினேன். அசல் என்றால் அரம்போலப் பல் தட்ட வேண்டும். இது வழவழவென்று இருந்தது. ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரியாமல் மொத்தையாகக் கிடந்தது. கோப்பதற்குக் காது பற்றவைத்த இடத்தை விரலால் தேய்த்து முகர்ந்தேன். பித்தளை வாடை. மற்ற பத்தும் அசல், இது மட்டும் பூச்சுப் பூசிய வார்ப்பு.

நிமிர்ந்தேன். பெண்ணின் அப்பா மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிறவர். துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்ற பெண் தலை குனியவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா எழுந்துவிடுவாள். அதன்பின் அந்தப் பெண்ணை எவன் கேட்டு வருவான்? அவளை எனக்குப் பிடித்தும் போயிருந்தது. அதை ஏன் மறைக்க?

"என்னடா, சரியா இருக்கா?" என்றாள் அக்கா.

"எல்லாம் சுத்தம்," என்றேன். காசு விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

கல்யாணம் நடந்தது. சந்தோஷமாகவே இருந்தோம். ஆனாலும் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், என் சேகரத்தைப் பரப்பி அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்.

"ஒன் மாலையில அந்த நடுக்காசு..."

"பித்தளை," என்றாள் அவள், பார்த்துக்கொண்டிருந்த சக்கரக் காசிலிருந்து கண்ணை எடுக்காமல். "கெணறு வெட்ட அப்பா ஒரு காசை வித்துட்டாக. அதுக்குப் பதிலா செஞ்சு வச்சது. கழுத்துக்குப் பின்னால மறையுற மாதிரிதான் அவுக கோத்திருந்தாக. நீங்க வர்ற அன்னைக்குக் காலையில நான்தான் அவுத்து நடுவுல கோத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, நான் சொல்லியிருந்தா?"

"ஒங்க வாயப் பத்தி ஊரே சொல்லுச்சு. என்னைக்கு இருந்தாலும் ஒங்களுக்குத் தெரியத்தான போகுது. தெரியுற அன்னைக்கு எங்கப்பாவ என்ன பண்ணுவீகன்னு, கழுத்த நீட்டுறதுக்கு முன்னாலயே நான் தெரிஞ்சுக்கணும்ல?"