என் கையெழுத்தில் வாழ்ந்த அக்கா

என் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவள் தைத்த சட்டையில் துணி கிழியலாம், தையல் பிரியாது. லாரிக்கு வெல்டிங் வைக்கிற நான் அவள் கதையை எழுதுவானேன் என்றால், பல வருடம் சட்டப்படி அவளுக்கு நான்தான் எல்லாமுமாக இருந்தேன்.

பழைய சட்டம் அப்படி. பெண் என்றால் அவள் பேருக்கு மேலே காப்பாளர் என்று ஓர் ஆண் பேர் இருக்க வேண்டும். கல்யாணம் வரை அப்பா, அப்புறம் புருஷன், அவன் விலக்கிவிட்டால் திரும்பவும் அப்பா, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டால் தம்பி. வீட்டில் அவள் எனக்கு மூத்தவள், சட்டத்தில் நான் அவளுக்கு மூத்தவன். எனக்குத் தலைவாரி விட்டு வளர்த்தவள் தையற்கடையில் வேலைக்குச் சேர, மீசை ஒழுங்காக முளைக்காத நான் போய் 'சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டேன்.

"காப்பாளர் ஐயா, பொத்தானைச் சரியாப் போட்டுக்கிட்டு வாங்க. மானம் போகுது," என்றாள் வழியில்.

அத்தானை அடாவடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். மகள் மட்டும் கொஞ்ச காலம் அக்காவிடம் இருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது முடிந்தால் அது தகப்பனுக்கு என்று சட்டம் சொன்னது. ஒருநாள் காலை அத்தான் காவலர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு போனாள்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமென்றால் அத்தான் மனது வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. அக்கா ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே உடையில் திமுதிமுவென்று வெளியே வந்ததில் யார் தன் பிள்ளை என்று பிடிபடுவதற்குள் காவலாளி விரட்டிவிட்டான். அத்தான் அவளிடம் பேசவில்லை, என்னைக் கூப்பிட்டுத்தான் சத்தம் போட்டார். அவள் செய்ததற்குச் சட்டப்படி நான்தானே பதில் சொல்ல வேண்டியவன்.

"உங்கக்காவ அடக்கி வை. இன்னொரு தடவை வந்தா பிள்ளைய வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவேன்."

அதோடு அக்கா அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பது அவள் கடைதான். வருடா வருடம் கட்டிங் மாஸ்டர் போய்ப் பிள்ளைகளை அளந்துவிட்டு வருவார். துணி வெட்டுவது அவர், தைப்பது பெண்கள். மகளுடைய துணி வந்தால் அக்காவைத் தவிர யாரும் தொடக் கூடாது.

"தோள் இவ்வளவு இறங்கியிருக்கே மாஸ்டர். நேரா நின்னாளா?"

"நின்னா, நின்னா. ஓணான் மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு நின்னா."

"ஒழுங்காச் சாப்பிடுறாளா?"

"அத எப்படிம்மா டேப்பு வச்சு அளக்கறது?"

கடையே சிரிக்கும், அக்காவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள்: "டேய், இடுப்பு அப்படியே இருக்கு, உயரம் மட்டும் ஏறியிருக்கு. நம்ம அப்பா வாகுடா." அப்படித்தான் மகள் வளர்ந்ததை அவள் பார்த்தாள். கையும் தோளும் தெரியும், முகம் தெரியாது.

ஊர் ஊராகப் பெண்கள் கூடித் தொண்டை கிழியக் கத்தினதில் சட்டம் ஒருவழியாக மாறியது. பெண்ணுக்கு இனி காப்பாளர் கிடையாது, பிள்ளை தாய்க்கும் தகப்பனுக்கும் சமம். செய்தி வந்த வாரமே அக்கா நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா பழக்க தோஷத்தில், "கூட ஆம்பளை யாரும்மா?" என்றார்.

"இவன் பை தூக்க வந்திருக்கான். நீங்க எங்கிட்டயே பேசுங்க," என்றாள்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணை நாளில் நடைக்கூடம் நிறையப் பெற்றோரும் பிள்ளைகளும். அக்கா நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு தோளாகக் கண்ணாலேயே அளந்தாள். ஜன்னலோரம் ஒரு பெண் நின்றாள்: ஒல்லி, உயரம், இறங்கின தோள். அக்கா நேரே போய் அந்தத் தோளில் கை வைத்தாள்.

"கண்ணு..."

அந்தப் பெண் திடுக்கிட்டு விலகினாள். "யாரு ஆன்ட்டி நீங்க?"

பின்னால் பெஞ்சில், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கூன் போட்டு உட்கார்ந்திருந்தவள் தலை நிமிர்ந்தாள். பக்கத்தில் அத்தான். "என்னையா தேடுறீங்க?" என்றாள்.

அக்காவின் கை அந்தரத்திலேயே நின்றது.

நீதிபதியம்மா பிள்ளையைத்தான் கேட்டார், யாரிடம் இருக்க ஆசை என்று. "அப்பாகிட்டயே இருக்கேன். இவங்கள எனக்குத் தெரியாது," என்றாள். அப்புறம், "ஆனா தெரிஞ்சுக்கணும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாய் பார்க்கலாம் என்று தீர்ப்பு. பூங்காவில் சந்திப்பது என்று முடிவானது.

"எத்தன மணிக்குக் கிளம்பணும் நாம?" என்று கேட்டேன்.

"நாம இல்லடா. நான். இத்தன வருஷம் எல்லாத்துக்கும் நீ வந்துட்ட. இதுக்கு மட்டும் வேணாம்."

வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன பேசினீங்க?" என்றேன்.

"பெருசா ஒண்ணும் பேசல. பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவ மரத்தப் பாத்துக்கிட்டிருந்தா, நான் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"பஸ் ஏறிட்டுத் திரும்பிப் பாப்பாளான்னு நின்னேன். நான் நின்னதுக்கு எதிர்ப்பக்க சீட்டுல போய் உக்காந்துட்டா." தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "ஒரு பக்க மூஞ்சிதான்டா பாத்திருக்கேன். அடுத்த ஞாயிறு இடம் மாத்தி உக்காரணும்."