கண்ணாடிக் கதவு இல்லாத நடைமேடையில் மாமா

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஆபீஸில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பாதிக் குரலில்தான் பதில் வரும். அதனால் முதலில் மன்னித்துவிடுங்கள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் போனதெல்லாம் ஒரு பயணமா என்றும் தோன்றலாம். ஆனால் பார்வை குறைந்த ஒருவரைத் தனியாக ரயிலேற்றலாமா என்று யோசிக்கும் வீடுகள் நிறைய இருக்கும். இது அவர்களுக்காக.

மாமா என் அம்மாவின் தம்பி. வீடு சிதம்பரத்தில். துபாயிலிருந்து திரும்பி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மச்சானோடு பங்கு சேர்ந்து துணிக்கடை வைத்திருக்கிறார். கண்ணில் பிரஷர் வந்து பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேரே இருக்கும் முகம் தெரியும், பெயர்ப் பலகை தெரியும். காலடியும் ஓரமும் தெரியாது. மாமி ஒரு முடிவு கேட்டார். தனியாகப் போய்வர முடிந்தால் கடை இருக்கட்டும், இல்லையென்றால் பங்கை மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கட்டும். சொல்ல வேண்டியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், அதிலும் சென்னையில் சுரங்க ரயில் நிலையங்களுக்கு வரைபடம் போடுபவள் என்பதால் இந்தப் பதவி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கீழவீதியிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நான் பின்னால்தான் வர வேண்டும், கையைப் பிடிக்கக் கூடாது.

அவருக்கு இந்தத் தைரியம் வந்தது சென்னையில். ஒரு முறை சுரங்க ரயிலில் அழைத்துப் போயிருந்தேன். நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. ரயில் வந்து நின்ற பிறகுதான் திறக்கிறது. மாமா அதைத் தடவிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தனியாக நடந்தார். ஆட்டோவிலும் அதே பேச்சுதான். "இது மாதிரி நம்ம ஊர்லயும் ஒண்ணு போட்டுட்டா உங்க மாமி வாயை அடைச்சிடலாம் புள்ள."

முடியாது மாமா என்று காரணம் சொன்னேன். பூமிக்கடியில் கட்டும் நிலையம் ஒரு மூடிய பெட்டி. ரயில் வரும்போது சுரங்கத்தின் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். நடைமேடையின் குளிர்ச்சியும் சுரங்கத்துக்குள் ஓடிவிடக் கூடாது. அதனால்தான் கதவு கூரை வரை எழும்புகிறது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே அதன் சட்டம் எங்கே உட்காரும் என்று வரைபடத்தில் முடிவாகிவிடும். ஒரே மாதிரி ரயில், ஒரே இடத்தில் நிற்கும், கதவுக்கு நேரே கதவு. நம் ஸ்டேஷனில் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் வருகின்றன. ஒவ்வொன்றின் கதவும் ஒவ்வொரு இடத்தில். கூரையும் பாதி தூரத்தோடு முடிந்துவிடும்.

"அப்ப எங்களுக்கு என்னாதான் வச்சிருக்காங்க?" என்றார்.

நடைமேடையில் காட்டினேன். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, புடைப்பு வைத்த மஞ்சள் டைல்ஸ் நீளமாகப் போகிறது. கால் அதை உணரும்போது, விளிம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மாமா ஷூவைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார், அடிப்பாகம் மெலிதாக இருக்கும் என்று. டைல்ஸை இடது காலால் தொட்டுத் தொட்டு வேகமாகவே நடந்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

முன்பதிவு இல்லாத பெட்டி நிற்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே மஞ்சள் டைல்ஸையே காணோம். அதன் மேல் வரிசையாகப் பைகள், ஒரு தூக்குச் சட்டி, துண்டு போட்ட ஒரு சாக்கு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே பழக்கம். மாமாவின் கால் ஒரு பையில் இடித்தது. சுற்றிப் போக நினைத்தார். போனது தண்டவாளப் பக்கம்.

என் கை நீண்டது. அதற்குள் ஒரு குரல்.

"பாய், அந்தாண்ட போவாதீங்க. இப்படி வாங்க."

மாமா நின்றுவிட்டார். பைகளுக்குப் பக்கத்தில், கத்தரிக்காய் மூட்டையோடு ஒரு அக்கா. கீரப்பாளையத்திலிருந்து கடலூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர். மாமா உள்பக்கம் வந்ததும், ஏன் இங்கே பை வைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"வரிசைக்குத்தானே இந்த மஞ்சக் கோடு போட்டிருக்காங்க?" அக்கா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"கோடு வரிசைக்கு இல்லமா," என்றார் மாமா. "எனக்குப் போட்டது."

அக்கா மாமாவின் கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு மூட்டையைச் சுவர்ப் பக்கம் இழுத்துவிட்டு மற்றவர்களிடம் திரும்பினார். யாருடைய தூக்குச் சட்டி அது, எடுங்கள், வரிசை மாறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் அதட்டியதில் டைல்ஸ் முழுதாக வெளியே வந்தது. என்னால் அப்படி அதட்டியிருக்க முடியாது.

ரயிலில் கவலையே இல்லை. கிள்ளை, பரங்கிப்பேட்டை, ஆலப்பாக்கம் என்று மாமா எண்ணிக்கொண்டே வந்தார். "குடிகாடு கெமிக்கல் கம்பெனி வாடை வந்துச்சா, அடுத்தது துறைமுகம் ஸ்டேஷன். அதுக்கப்புறம் நாம எறங்கணும்." அப்படியே இறங்கினார். மாமா கடையிலேயே லுஹர், அதாவது நண்பகல் தொழுகையை முடித்ததும் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். ரயில் நிற்கும் வரை டைல்ஸுக்கு உள்பக்கமே நில்லுங்கள். ஏறும்போது முதலில் கைப்பிடி, பிறகு கால். பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி ஜாஸ்தி. இறங்கும்போது கூட்டத்தைப் போக விடுங்கள். இதெல்லாம் மாமா எளிதாகச் செய்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி என்னைத்தான் பார்த்தார். தண்டவாளப் பக்கம் கால் போன அந்த ஒரு நொடியையும் மறைக்காமல் சொன்னேன். போகலாம் என்றும் சொன்னேன்.

இனி கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். சுரங்கத்தில் ஒரு கண்ணாடிச் சுவர் செய்யும் வேலையை எங்கள் ஊரில் இரண்டு சாண் டைல்ஸ் செய்கிறது. உங்கள் பையைச் சுவர்ப் பக்கம் வையுங்கள். திங்கட்கிழமை முதல் மாமா தனியாகப் போகிறார். உங்களை நம்பித்தான் மாமியிடம் சரி என்றேன்.