மழை இல்லை என்று சொன்ன சுவிட்ச்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் முதலில் தூறலைப் பார்த்தாலும் "மழை!" என்று கத்துவார்கள். எட்டு வீட்டுக்காரர்களும் ஓடிவந்து, யார் துணி என்று பார்க்காமல் அள்ளுவார்கள். அக்கரப்பத்தனைப் பொடித்தூறல் தகரக் கூரையில் விழுந்தாலும் சத்தம் கேட்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிற எனக்கு இது போதவில்லை. கொடிக்குப் பக்கத்தில் ஒரு மழை சென்சர், வீட்டுக்குள் அதைக் கவனிக்க ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, கத்துவதற்கு ஒரு பஸர் வைத்தேன். "இனி எங்களக் கூப்பிடாதீங்க, மெஷின் கூப்பிடும்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

மூடுபனி வந்தாலும் அது மழை என்றே கத்தியது. இங்கே பனி மூடாத நாள் ஏது? "இதுக்கு ஒரு சுவிட்ச் வைங்க. எங்கம்மா வந்தப்புறமும் இப்படிக் கத்துனா நான் பொறுப்பில்ல" என்றாள் மனைவி.

சென்சர் வயரின் நடுவில் ஒரு சாதாரண சுவிட்ச் போட்டேன். அணைத்தால் சிக்னல் வராது, சத்தமும் வராது என்பது என் நினைப்பு. அங்கேதான் சறுக்கினேன். வயர் துண்டானால், போர்டில் சிக்னல் வாங்கும் கம்பிக்கால் அந்தரத்தில் நிற்கும். மழையா வெயிலா என்று தெரியாமல், பக்கத்தில் ஒரு கை வந்தாலே மழை என்று நினைத்துக்கொள்ளும். ஊரிலிருந்து வந்த மாமியார் தன் வெற்றிலைப் பையை அந்தப் போர்டுக்குப் பக்கத்தில்தான் வைத்தார். கை நீட்டும்போதெல்லாம் அது அலறியது.

"என்னையக் கண்டாத்தான் கத்துது. பழக்கி வச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

மறுநாள் அவர் கோயிலில் பால்குடம் எடுக்கவேண்டும். அதற்கென்று கொண்டுவந்த ஒரே மஞ்சள் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அது காயவேண்டும், அதற்குள் அவர் கோபித்துக்கொண்டு கிளம்பாமலும் இருக்கவேண்டும். உடனே சுவிட்சை மாற்றினேன். இப்போது இருபக்க சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் சென்சர். மறுபக்கம் தள்ளினால் கிரவுண்ட், அதாவது "மழை இல்லை" என்ற நிரந்தரப் பதில். மறுபக்கம் தள்ளி, மாமியாரை ஐந்து தடவை வெற்றிலை எடுக்கச் சொன்னேன். சத்தமில்லை. அவர் சிரித்தார், என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் சுவிட்சைத் திருப்பித் தள்ள மறந்துபோனேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தபோது மற்ற எல்லாக் கொடியும் காலி. மஞ்சள் சேலை மட்டும் தூறலில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்றார்.

"பாத்தேன் தம்பி. மத்த வீட்டுக் கதவத் தட்டிச் சொல்லிட்டேன். ஒங்களுக்கும் கத்தலாம்னு வாயத் தொறந்தேன். ஒங்ககிட்டதான் மெஷின் இருக்கே, நமக்கு எதுக்குன்னு மூடிக்கிட்டேன்."

அன்று சாயங்காலம் முழுவதும் அடுப்புக்கு முன்னால் அந்தச் சேலையை ஆளுக்கொரு முனையாக நானும் மனைவியும் பிடித்துக்கொண்டு நின்றோம். புகையில் கண் எரிந்தது. வெட்கம் அதைவிட எரிந்தது. மாமியார் எங்களைத் தாண்டிக் கை நீட்டி வெற்றிலை எடுத்தார்.

"சும்மா சொல்லக்கூடாது மாப்பிள்ளை, இப்ப கத்தவே மாட்டேங்குது."