கால் நமநமத்த எட்டு மாதம்

அத்தை இப்போதும் பிரான்சிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால், முதலில் போனைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்வாள். காட்டுவேன். ஐந்து நிமிஷம் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் நமநம என்றால் இருப்புக் கொள்ளாதது. மிக்சர் பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் வாய் நமநமங்குது. தம்பியைக் கிள்ளினால் கை நமநமங்குது. இரண்டுக்கும் அம்மாவிடம் அடி உண்டு. அத்தைக்கு மட்டும் கால். அதற்கு அடி கிடையாது, கேலிதான்.

அத்தை அப்பாவின் தங்கை. முதலியார்பேட்டையில் எங்களோடுதான் இருந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். லீவு முடிந்ததும் மாமா போய்விட்டார். அத்தைக்கு விசா வர எட்டு மாதம் ஆனது.

சாயந்திரம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள்.

"வாடி, போய்ட்டு வரலாம்."

"என்னா, இன்னிக்கும் காலு நமநமங்குதா? வுட்டா பிரான்சுக்கு நடந்தே பூடுவ போல" என்பாள் அம்மா.

"எனக்குக் காலு. ஒனக்கு வாயி, அண்ணி."

அம்மா சிரித்துவிடுவாள்.

ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் மீன்கடை வரிசை. ஒன்றும் வாங்க மாட்டாள். ஒருநாள் அவள் படித்த பள்ளிக்கூடத்து வாசல். ஒருநாள் கடற்கரை. அங்கே போயும் கடலைப் பார்க்க மாட்டாள். சுவரில் திரும்பி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பாள். எனக்குத்தான் கால் வலிக்கும்.

மாமாவிடம் போகிற அவசரம் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன். சீக்கிரம் விசா வரட்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.

வந்தது.

மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்து நின்றது. அப்பா பெட்டிகளை ஏற்றினார். அத்தை மட்டும் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் அசையவில்லை.

"கார் வந்துடுச்சி அத்தே."

"தெரியுது. செத்த ஒக்காந்துட்டு வரேன்."

டிரைவர் ஆரன் அடித்தார். அப்பா வெளியிலிருந்து சத்தம் போட்டார். அம்மா வந்து கூப்பிட்டாள். எழவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். கனத்தாள். இரண்டு கையாலும் இழுத்தேன். எழுந்து என் பின்னாலேயே வந்தாள். கார் வரைக்கும் நான் கையை விடவில்லை.

"பாரு, எம் பொண்ணு கெட்டிக்காரி" என்றார் அப்பா.

அன்றைக்குப் பூராவும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன், நான்தான் அத்தையைக் காரில் ஏற்றிவிட்டேன் என்று.